பத்து விரல், ஒரு தடைக்காலம்

கல்மண்டபம் சாலையில் என் கடை.
ஜெராக்ஸ், ஆதார், ரயில் டிக்கெட்.
போர்டில் 'விசா' என்பது மட்டும்
போன வருடத்துப் பெயின்ட்.

ஏலம் முடிந்த கையோடு ஜெசிந்தா வந்தாள்.
மகன் டைட்டஸுக்கு லிஸ்பனில் கல்யாணம், ஜூலையில்.
"இன்னா கேக்குறான்னு படி. சொல்றேன்."

படித்தேன்.
பயணத்தின் நோக்கம்:
சுற்றுலா, வியாபாரம், மருத்துவம், பிற.
"பெத்த புள்ள கல்யாணம் பிறவா?"
பிறதான், என்றேன்.
வேலை கொடுப்பவர் பெயர்.
"கடல்னு போடு."
சொந்தத் தொழில் என்று போட்டேன்.
திரும்பி வருவீர்கள் என்பதற்கு ஆதாரம்.
அதற்கு மட்டும் சிரித்தாள்.
"மார்க்கெட்ல என் எடத்த வுட்டுட்டு
நான் எங்க போவேன்?
ரெண்டு நாள் காணலன்னா
செல்வமேரி அவ பலகய போட்டுருவா."
அந்தக் கட்டத்தில்
அவ்வளவு எழுத இடமில்லை.

போட்டோவுக்கு வெள்ளைப் பின்னணி.
ஷட்டரில் என் வேட்டியைத் தொங்கவிட்டேன்.
சிரிக்கக் கூடாது, என்றேன்.
"சாவுக்குப் போற மாரி கீது."
அதைத்தான் ஏற்றுக்கொண்டது.

விசா மையத்தில் விழுந்தது அடி.
பச்சை வெளிச்சக் கண்ணாடியில்
பத்து விரலையும் வைத்தாள்.
இல்லை என்றது இயந்திரம்.
முந்தானையில் துடைத்து வைத்தாள்.
இல்லை.
குழாயில் தேய்த்துக் கழுவி வந்து வைத்தாள்.
முப்பது வருடச் செதிள், துடுப்பு முள்,
ஐஸ், உப்பு, கத்தி.
ரேகை என்று சொல்ல
ஏதும் மிச்சமில்லை.
கவுன்ட்டர் பையன் மரியாதையாகத்தான் சொன்னான்:
"இங்க எப்படியாவது எடுத்தாலும்
அங்க இறங்குனதும் மறுபடி வைக்கணும், மேடம்.
இப்பல்லாம் முத்திரை குத்துறதில்ல.
முகமும் விரலும்தான் முத்திரை."

என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து
உள்ளங்கையை விரித்து விரித்துப் பார்த்தாள்,
வாங்க வந்தவர்கள்
செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல.

ஏப்ரல் பதினைந்து, தடைக்காலம்.
விசைப்படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு
துறைமுகத்தில் நின்றன.
மீன் முட்டையிட
அரசாங்கம் தரும் அறுபத்தொரு நாள்.
ஜெசிந்தா அரிசியைக் கடனுக்கு வாங்கினாள்.
ராத்திரி கையில் தேங்காய் எண்ணெய் தடவிப் படுத்தாள்.
வாரம் ஒருமுறை வந்து
என் ஆதார் கருவியில் விரல் வைப்பாள்.
முதல் இரண்டு வாரம் ஒன்றுமில்லை.
மூன்றாவதில் இடது சுண்டுவிரல்.
அப்புறம் மோதிர விரல்,
சங்குபோல ஒரு சுழி.
"இது என்னுதா?"
வலது கட்டைவிரல் கடைசியில்தான் வந்தது,
நடுவில் ஒரு வெட்டோடு.
திரையில் அதைப் பெரிதாக்கிக் காட்டினேன்.
எந்த வருடம் எந்த மீன் கிழித்தது என்று சொன்னாள்.

மே கடைசியில் மையம் பத்தையும் வாங்கிக்கொண்டது.
ஜூன் பதினொன்று, விசா.
டிக்கெட் ஜூலை மூன்று.

தடை முடிந்து படகு கரைக்கு வந்த காலை
பையை எடுத்துக்கொண்டு காசிமேடு போனேன்.
வஞ்சிரம் வாயால் சொல்ல முடியாத விலை.
இரண்டு மாதக் கடனை அடைக்கிற நாள்.
ஜெசிந்தா தன் இடத்தில்தான் இருந்தாள்.
செல்வமேரியின் பலகை
ஒரு முழம் நகர்ந்து வந்திருந்தது.
இவள் கைகள் மடியில்,
ஆளுக்கொரு ஜவுளிக்கடைப் பைக்குள்,
மணிக்கட்டில் ரப்பர் பேண்ட்.

வெட்டித் தரமாட்டாயா, என்றேன்.
"முழுசா வோணும்னா எடுத்துக்கோ.
இல்லாங்காட்டி அங்க போ."
தாடையால் காட்டினாள்.

முழுசாகவே வாங்கி வந்தேன்.
சங்கராவோடு மல்லுக்கட்டியதில்
கட்டைவிரல் நல்ல ஆழம்.

மறுநாள் கடை திறந்து
லாகினுக்கு விரல் வைத்தேன்.
இல்லை என்றது.
துடைத்து வைத்தேன்.